ஒன்பதாவது ழ

அச்சாபீசில் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோக்கிறவனுக்கு, ஊரிலுள்ள அத்தனை பேருடைய பெயருக்கும் கீழே என்ன வார்த்தை போடவேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். தன் பெயருக்குக் கீழே என்ன போடுவது என்பது மட்டும் தன் மகள் கல்யாணத்தின்போதுதான் கேள்வியாக வரும். எனக்கு வந்தது. ஒரு வார்த்தைக்காக என் மகள் செல்வியின் கல்யாணமே நின்றுபோக இருந்தது. அந்தக் கதைக்கு வருமுன், வார்த்தைகளோடு நான் பட்ட மற்ற பாடுகளையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அது புரியாது.

எண்பதுகளில் நான் விழுப்புரத்தில் குடியிருந்துகொண்டு திண்டிவனத்தில் ஓர் அச்சாபீசில் கம்பாசிட்டராக வேலை பார்த்தேன். காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்புவேன். படித்தது எட்டாவது வரை. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக நிறுத்துவது என் வேலை. அதை மெஷினில் ஏற்றி அடிப்பது காசிம் பாய் வேலை. வாடிக்கையாளரிடம் பேசுவது முதலாளி வேலை. பத்திரிகையில் மாமன் பெயரை விட்டுவிட்டோ, சித்தப்பா பெயரை ஒரு வரி கீழே இறக்கிவிட்டோ சொந்தக்காரர்களிடம் பேச்சு வாங்கியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களைத் திட்டியவர்கள் வீட்டுக்குப் போகிற வழியில் எங்களையும் திட்டிவிட்டுத்தான் போனார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

பென்சில் கேள்வி

எனக்குக் கூச்சம் அதிகம். வாடிக்கையாளர் எழுதிக்கொண்டு வந்ததில் ஒரு வார்த்தை இடத்துக்குப் பொருந்தாமல் இருந்தால், எழுந்துபோய்க் கேட்க வாய் வராது. புரூஃப் எடுத்ததும் அதன் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்வி எழுதி முதலாளி மேஜைக்கு அனுப்பிவிடுவேன். வாடிக்கையாளர் பக்கத்திலேயே பதில் எழுதுவார். அந்தப் பதிலைப் பார்த்துத் திருத்துவேன். இப்படி ஏழு வருஷம், ஒருவர் முகத்தையும் நேராகப் பார்க்காமல், நூற்றுக்கணக்கான பேரிடம் பேசியிருக்கிறேன்.

கருமாதிப் பத்திரிகையில்தான் கேள்விகள் அதிகம் வரும். ஒரு மனிதர் செத்துப்போனார் என்பதைச் சொல்ல என் நோட்டில் பதினான்கு வார்த்தைகள் குறித்து வைத்திருந்தேன். சிவலோகப் பதவி அடைந்தவர்கள், வைகுண்டப் பதவி அடைந்தவர்கள், கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர்கள், இயற்கை எய்தியவர்கள் என்று எல்லாரும் தனித்தனி வரியில் இருந்தார்கள். எதை எடுப்பது என்பதற்கு, எழுத்துகளை அறை அறையாகப் போட்டுவைக்கிற கேஸுக்குப் பின்னாலிருந்து எட்டி, வந்தவருடைய நெற்றியைப் பார்த்துக்கொள்வேன். விபூதியா, நாமமா, ஒன்றுமில்லையா என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு நாள் வானூர்ப் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். அண்ணன் நெற்றி நிறைய விபூதி. தம்பி நெற்றி துடைத்துவிட்ட சிலேட்டு. அண்ணன் ‘இறைவனடி சேர்ந்தார்’ என்கிறார். தம்பி ‘இயற்கை எய்தினார்’ என்கிறார். அப்பாவோ வாழ்நாளில் பாதி கறுப்புச் சட்டையிலும் மீதி பாதி மலைக்கு மாலை போட்டும் இருந்தவர். நான் ஓரத்தில் ‘கடைசியாக எந்தப் பாதி?’ என்று எழுதி அனுப்பினேன். அரை மணி நேரம் சண்டை ஓய்ந்தபாடில்லை. கூட வந்திருந்த அவர்கள் அம்மா, பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர், என்ன தகராறு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு முதலாளியிடம் சொன்னார்:

“அந்த ஆளு கடைக்கின்னு கெளம்புனா கடைக்கே போய்ச் சேர மாட்டாரு. அவரு எங்க எந்த அடியப் போய்ச் சேரப் போறாரு? செத்துட்டாருன்னு போடுங்க சாமி.”

பதினான்கு வார்த்தைகளில் அது இல்லை. பதினைந்தாவதாகக் குறித்துக்கொண்டேன். பத்திரிகையில் என்னவோ ‘காலமானார்’ என்றுதான் போனது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்குமே பிடிக்காத வார்த்தை அது ஒன்றுதான்.

சிறப்பித்தார்கள்

ஒவ்வொரு பத்திரிகைக்கும் எல்லா வரியையும் புதிதாகக் கோப்பதில்லை. எல்லாக் கல்யாணத்துக்கும் பொதுவான வரிகளைக் கயிறு போட்டுக் கட்டியபடியே வைத்திருப்போம். பெயர், ஊர், நேரம் மட்டும் மாறும். கருமாதிக்கும் அப்படியே ஒரு கட்டு உண்டு. இரண்டு கட்டும் ஒரே அலமாரியில், ஒரே தட்டில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மேல்தட்டில் முதலாளி சாமி படம் வைத்திருந்தார், வேறு இடமில்லை.

ஒரு வைகாசி மாதம். ஒரே நாளில் ஐந்து கல்யாணமும் ஒரு கருமாதியும். மேல்பாதியில் ‘ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று சரியாகக் கோத்துவிட்டு, கீழ்ப்பாதிக்குக் கல்யாணக் கட்டை எடுத்து வைத்துவிட்டேன். ‘தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து விழாவைச் சிறப்பிக்க வேண்டுகிறோம்’ என்று அடியில் நின்றது. நான் பார்க்கவில்லை, காசிம் பாய் பார்க்கவில்லை, முதலாளி பார்க்கவில்லை. நூற்றைம்பது பத்திரிகையும் அடித்து, ஓரத்தில் கறுப்புக் கோடு போட்டு, கொடுத்தாகிவிட்டது. வாங்கிப் போனவரும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

காரியம் முடிந்த மறுநாள் செத்துப்போனவரின் மகன் மொட்டைத் தலையோடு வாசலில் வந்து நின்றார். கையில் அந்தப் பத்திரிகை. முதலாளி எழுந்துகொண்டார். காசிம் பாய் மெஷினை நிறுத்தினார். நான் கேஸுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அவர் உள்ளே வந்து, சத்தம் போடாமல், பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார்:

“நீங்க போட்டதுதான் சரி. வந்தானுங்க, சீட்டாடுனானுங்க, மூணு தபா சோறு துன்னானுங்க, மைக் செட்டு இல்லியான்னு கேட்டானுங்க. சிறப்பிச்சிட்டுதான் போனானுங்க.”

ஏக்கர் கணக்கு

கல்யாணப் பத்திரிகையில் எல்லாருக்கும் வேண்டியது ‘நிலக்கிழார்’ என்ற வார்த்தை. வீட்டுக்குப் பின்னால் எருக்குழி ஒன்று இருந்தால் போதும், எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். முதலில் நாங்களும் கேள்வி கேட்காமல் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் முப்பத்திரண்டு ஏக்கர்க்காரர் ஒருவர் பத்திரிகையோடு வந்தார். அவர் பெயருக்குக் கீழேயும் நிலக்கிழார். அடுத்த வரியில் அவருடைய பங்காளி ஒருவர் பெயருக்குக் கீழேயும் நிலக்கிழார். அவர் முதலாளியிடம் கேட்டது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது:

“அவன் நெலத்துல என் மாடு படுத்தா, வாலு வந்து என் நெலத்துல வுழும். அவனும் நானும் ஒரே வார்த்தையா?”

ஒன்று எழுபது

அன்றே முதலாளி என்னிடம் ஒரு கணக்கு போடச் சொன்னார். போட்டு, அட்டையில் எழுதி, கேஸுக்கு மேல் ஒட்டிவைத்தேன். ஐந்து ஏக்கர் வரை விவசாயி. அதற்கு மேல் நிலக்கிழார். இருபதுக்கு மேல் பெருநிலக்கிழார். சந்தேகம் வந்தால் புரூஃப் ஓரத்தில் ‘எத்தனை ஏக்கர்?’ என்று கேட்பேன். பொய்ப் பதில் எழுதியவர்கள் குறைவு. வாயால் சொல்ல வருகிற பொய், பென்சிலைப் பிடித்ததும் கொஞ்சம் தயங்குகிறது.

வேங்கடபதி என்பவர் பிரம்மதேசத்திலிருந்து மூத்த மகள் கல்யாணப் பத்திரிகைக்கு வந்தார். நிலக்கிழார் என்று எழுதியிருந்தார். ‘எத்தனை ஏக்கர்?’ என்று கேட்டேன். ‘1.70’ என்று பதில் வந்தது. பக்கத்தில் ‘கிணறு உண்டு’ என்றும் எழுதியிருந்தார். கிணற்றுக்கு என் அட்டையில் இடமில்லை. ‘விவசாயி’ என்று மாற்றினேன். திருத்திய புரூஃபைப் பார்த்ததும் அவர் முதலாளியைத் தாண்டி நேராக என் கேஸுக்கே வந்துவிட்டார். கட்டையான ஆள், தோளில் துண்டு, முகத்தில் கோபத்தைவிட வருத்தம் அதிகம்.

“நாலு தலமொற மல்லாட்டயும் கேப்பயும் வெளஞ்ச நெலம்பா அது. எந்தத் தாசில்தாரும் கொறச்சதில்ல. நீ குந்துன எடத்துலயே பென்சில்ல கொறச்சிட்ட.”

தொழிலதிபர்

நிலம் இல்லாதவர்களுக்கு ‘தொழிலதிபர்’. பேருந்து நிலையத்துக்கு எதிரில் மூன்று வாடகை சைக்கிள் வைத்திருந்த ஒருவர் தன் தங்கை கல்யாணத்துக்கு அப்படிப் போடச் சொன்னார். ‘எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?’ என்று ஓரத்தில் கேட்டேன். ‘ஒருவர்’ என்று எழுதினார். ‘அவர் பெயர்?’ என்று கேட்டேன். தன் பெயரையே எழுதினார். அந்தப் புரூஃப் மூன்று முறை மேஜைக்கும் கேஸுக்கும் நடந்தது. கடைசியில் அவர் எழுந்து நின்று உள்பக்கம் பார்த்துப் பொதுவாகச் சொன்னார்:

“நானே பஞ்சர் ஒட்றேன், நானே வாடக வாங்கறேன், நானே என்னத் திட்டிக்கறேன். இதுக்கு மேல ஒரு அதிபருக்கு என்னாங்க வேலை?”

போட்டுக்கொடுத்தேன். என் கணக்கு அட்டையில் தொழிலுக்கு இடம் விடாதது என் தவறு.

பத்தாவது ஆள்

பெயர்களுக்கும் பட்டங்களுக்கும் நாங்கள் வைத்திருந்தது பன்னிரண்டு பாயிண்ட் கறுப்பு எழுத்து. அதில் தினமும் எதை எண்ணாவிட்டாலும் ‘ழ’வை எண்ணுவேன். ஏனென்றால் நிலக்கிழார் ஒவ்வொருவருக்கும் ஒரு ழ வேண்டும். எங்களிடம் இருந்தது ஒன்பது. முன்பு பன்னிரண்டு இருந்தது. ஒன்று உடைந்தது, ஒன்று தரைப் பலகை இடுக்கில் விழுந்தது, ஒன்று போன வழி தெரியவில்லை. ஒரே கல்யாணத்தில் உண்மையாகவே பத்துப் பேருக்கு ஐந்து ஏக்கருக்கு மேல் இருந்தால் பத்தாவது ஆளுக்கு ழ கிடையாது.

அப்படி ஒரு முறை வந்தது. எழுத்து பற்றாத இடத்தில் வேறு ஓர் எழுத்தைத் தலைகீழாக நிறுத்தி வைப்பது எங்கள் வழக்கம். புரூஃபில் அந்த இடம் கறுப்புக் கட்டையாக விழும். பின்னால் சரியான எழுத்து கிடைத்ததும் மாற்றிக்கொள்ளலாம். அன்று கிடைக்கவில்லை. பத்தாவது ஆளை ‘விவசாயி’ ஆக்கினோம். அவருக்குப் பதினோரு ஏக்கர். கோபித்துக்கொண்டு அவர் கல்யாணத்துக்கே போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். காசிம் பாய் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார்:

“முனுசாமிண்ணே, சர்க்கார் கூட நெலத்துக்கு உச்சவரம்பு சட்டம்தான் போட்டுச்சி. நீங்க நெலக்கிழாருக்கே போட்டுட்டீங்க.”

சம்பந்தி

செல்விக்கு இருபத்தாறு வயது. பத்தாவது படித்துவிட்டு விழுப்புரத்தில் துணி தைத்துக்கொண்டிருந்தாள். அளவு எடுத்தால் கால் அங்குலம் தப்பாது. மூன்று இடம் வந்து தட்டிப்போயிருந்தது. நான்காவதாக ஒரு பையனைச் சொன்னார்கள். பெயர் மணிவண்ணன். வானூரில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். வந்தார், பார்த்தார், பிடித்திருக்கிறது என்றார். செல்வியும் சரி என்றாள். அவள் எதையும் எளிதில் சரி என்கிறவள் இல்லை என்பதால் எனக்கும் என் மனைவிக்கும் அன்று ராத்திரி சாப்பாடு நன்றாக இறங்கியது.

மாப்பிள்ளை வீடு பார்க்க பிரம்மதேசம் போனோம். வாசலில் வந்து கும்பிட்டவர் வேங்கடபதி. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“கெணறு இருக்குது, பாக்கறீங்களா?” என்றார்.

பார்த்தேன். நல்ல கிணறு. அவர் பழையதை வைத்துக் காரியத்தைக் கெடுக்கிற ஆள் இல்லை. நிச்சயதார்த்தம் நடந்தது. பிறகுதான், எங்கள் முதலாளி தன்னிடம் வேலை செய்கிறவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டுக்குமாகச் சேர்த்து ஒரே பத்திரிகை சும்மா அடித்துக் கொடுப்பார் என்ற வழக்கத்தைக் கேள்விப்பட்டு, வேங்கடபதி என்னை மாட்டுக் கொட்டகைப் பக்கம் அழைத்துப் போனார்.

“சம்பந்தி, பத்திரிகை அடியில ரெண்டு பேரு பேரும் வரும் இல்ல. எடது பக்கம் நானு, வலது பக்கம் நீங்க. மெட்ராசுலருந்து எங்க ஆளுங்க வராங்க. பொண்ணோட அப்பா என்னா பண்ணிக்கினு இருக்காருன்னு அதுலதான் பாப்பாங்க. கம்பாசிட்டர்னு போட்டா ஆஸ்பத்திரியில மருந்து கலக்கறவருன்னு நெனச்சிக்குவாங்க. அச்சக உரிமையாளர்னு போட்டுக்குங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததைச் சொன்னார். “எனக்கு நிலக்கிழார். என் பங்காளிங்க ஆறு பேருக்கும் அந்த வார்த்தை இருக்கச் சொல்லோ, மாப்பிள்ளயோட அப்பன் எனக்கு இல்லன்னா எப்படி? ஏக்கர் கேக்காதீங்க. ரெண்டு பேரும் ஒண்ணா ஒசந்துக்கலாம்.”

முதல் பத்திரிகையின் நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவிச் சாமி முன்னால் வைக்க வேண்டியவர் மாப்பிள்ளையின் அப்பா. அவர் வைத்த பிறகுதான் ஊருக்குக் கொடுக்க ஆரம்பிப்பார்கள். அதையும் அவரே ஞாபகப்படுத்தினார்:

“அந்த ரெண்டு வார்த்தையும் இல்லாத பத்திரிகையில எங்கையால மஞ்சள் தடவ மாட்டேன். அதுக்கு அப்புறம் கல்யாணம் நடக்குமா நடக்காதான்னு கணக்குப் போடறது உங்களுக்குத் தெரியாததா?”

எப்போது வாங்கினாய்

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் கோத்தேன். என் பெயருக்குக் கீழே ‘அச்சக உரிமையாளர்’ என்று நானே ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி நிறுத்தினேன். ஏழு வருஷத்தில் அவ்வளவு மெதுவாக நான் வேலை செய்ததில்லை. வேங்கடபதிக்கு நிலக்கிழார். பங்காளிகள் ஆறு பேருக்கும் நிலக்கிழார். அவர்களுக்கு உண்மையாகவே நிலம் இருந்தது. பெயர்ப் பட்டியலில் இரண்டு பழனி. ஆறும் இரண்டும் எட்டு, வேங்கடபதியோடு ஒன்பது. ழ சரியாக இருந்தது.

புரூஃப் எடுத்து முதலாளி மேஜையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் மேலிருந்து கீழ்வரை படித்தார். கீழே வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு தன் நாற்காலியை விட்டு எழுந்து, அதை என் பக்கம் நகர்த்தினார்.

“எப்ப முனுசாமி வாங்குன? சொல்லியிருந்தா சாவியக் குடுத்துட்டுப் போயிருப்பேன் இல்ல.”

உடனே சிரித்துவிட்டு, பெண் கல்யாணம்தானே, போட்டுக்கொள் என்றும் சொன்னார். நல்ல மனிதர். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

செல்வியின் பென்சில்

அந்தப் புரூஃபை வீட்டுக்கு எடுத்துப் போனேன். செல்வி விளக்கடியில் வைத்துப் படித்தாள். நான் ஏன் அப்படிப் போட்டிருக்கிறேன் என்பதையும், போடாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. என் பெண் அல்லவா. மடித்துக் கொடுத்துவிட்டுத் தையல் மெஷினுக்குப் போய்விட்டாள்.

காலையில் பாசஞ்சரில், மயிலம் தாண்டிய பிறகு, பிரித்துப் பார்த்தேன். வேங்கடபதி பெயருக்குப் பக்கத்தில் ஓரத்தில் அவள் ஒன்றும் எழுதவில்லை. மாமனாராக வரப்போகிறவர் என்ற மரியாதையாக இருக்கலாம். என் பெயருக்குப் பக்கத்தில், துணியில் குறி போடும் பென்சிலால், சின்னதாக ஒரு கேள்வி இருந்தது:

“எத்தனை மெஷின்?”

சட்டைப் பை

திண்டிவனத்தில் இறங்கும்போது மனசில் ஒரு வழியும் இல்லை. என் வார்த்தையை எடுத்தால் வேங்கடபதி மஞ்சள் தடவ மாட்டார். எடுக்காவிட்டால், பிறகு செல்வி தைத்துக் கொடுக்கிற எந்தச் சட்டையையும் நான் நிம்மதியாகப் போட்டுக்கொள்ள முடியாது. அச்சாபீசுக்குப் போய் வழக்கம்போல ழவை எண்ணினேன். எண்ணிக்கொண்டே வந்தவன், வேங்கடபதியின் பெயருக்குக் கீழே இருந்த ஒன்பதாவது ழவை இடுக்கியால் உருவி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த இடத்தில் வேறு ஓர் எழுத்தைத் தலைகீழாக நிறுத்தினேன். காசிம் பாய் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் புதிய புரூஃப் எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வேங்கடபதி வந்தார். முதலாளி காகிதம் வாங்க விழுப்புரம் போயிருந்தார். வேறு வழியில்லாமல் நானே முன்னால் வந்து நின்றேன்.

“என்னா சம்பந்தி, என் பேருக்குக் கீழ ஈ செத்து ஒட்டிக்கினு இருக்குது?”

நான் ஓரத்தில் ‘ழ இல்லை’ என்று எழுதினேன்.

“இல்லன்னா?”

காசிம் பாய் மெஷினிலிருந்தே சொன்னார். “மொத்தம் எட்டுதாங்க. ஆறு உங்க பங்காளிங்களுக்குப் போயிடுச்சி. ரெண்டு பழனிக்கு.” சொல்லும்போது அவர் என் சட்டைப் பையைப் பார்க்கவில்லை. அவ்வளவு கவனமாக ஒருவர் ஓர் இடத்தைப் பார்க்காமல் இருந்து நான் கண்டதில்லை.

“பழனிக்கிட்ட எடுங்களேன்.”

“ஒரு பழனி உங்க மச்சான்” என்றேன். “தாய்மாமன்.”

வேங்கடபதி யோசித்தார். தாய்மாமனின் பெயரில் ஓட்டை விழுந்தால் மாலை யார் எடுத்துக் கொடுப்பது. இன்னொரு பழனி பஞ்சாயத்துத் தலைவர். அதுவும் ஆகாது. பங்காளிகள் பட்டியலில் விரலை வைத்து ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார். “பெரியவன்கிட்ட எடுத்தா பந்தக்காலு நட வரமாட்டான். ரெண்டாமவன் வாய்க்காத் தண்ணிய நிறுத்திடுவான். மூணாமவன் இப்பவே பேசறதில்ல…” ஆறாவது ஆளுக்கு வந்ததும் விரலை எடுத்துவிட்டார். “எவன்கிட்டயும் முடியாது. தோ, விழுப்புரத்துல ஒண்ணு இருக்குது பாருங்க, அத எடுத்துக்கலாம் இல்ல?”

“அது ழு. வார்ப்பே தனி. காலை வெட்ட முடியாது” என்றேன்.

“சின்ன எழுத்துல போட்டா?”

“போடலாம். பத்துப் பாயிண்டில் இருக்கிறது.”

அவரே தலையாட்டினார். “வேணாம். பங்காளிங்க பெரிய நிலக்கிழாரு, நான் சின்ன நிலக்கிழாருன்னு ஆயிடும்.”

“ஜல்தி முடிவு பண்ணுங்க, மெஷின் நிக்குது” என்றார் காசிம் பாய்.

வேங்கடபதி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சரி, பேஜாரு. எனக்கு ஒண்ணும் வேணாம், பேரு மட்டும் இருக்கட்டும்.” சொல்லிவிட்டுப் புரூஃபின் வலது பக்கம் பார்த்தார். என் பெயர். அடியில் அச்சக உரிமையாளர். அதில் ழ இல்லாததால் ஓட்டை இல்லாமல் பளிச்சென்று இருந்தது. அதையும் மொட்டையாக நிற்கப்போகிற தன் பெயரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது சரியா வராது சம்பந்தி. எனக்கு ஒண்ணும் இல்லாதப்ப உங்களுக்கு மட்டும் இருந்தா, பொண்ணு வூட்டுக்காரன் ஒசத்தி, நான் மட்டம்னு ஆயிடும். தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுதயும் எடுத்துடுங்க.”

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உடனே எடுத்துவிட்டேன். இரண்டு பெயரும் கீழே ஒன்றுமில்லாமல் நின்றன. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. காலிக் கையோடு கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கிறது என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. கேஸுக்குப் போய், எழுத்தை அடுக்குகிற ஸ்டிக்கை எடுத்து இரண்டு வரி கோத்தேன். அவர் பெயருக்குக் கீழே ‘மணமகனின் தந்தை’. என் பெயருக்குக் கீழே ‘மணமகளின் தந்தை’. ஒரு ழகூட வேண்டியிருக்கவில்லை. இரண்டு வரியும் ஏறக்குறைய ஒரே நீளம்.

காசிம் பாய் புரூஃப் எடுத்துக் கொடுத்தார். வேங்கடபதி அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பங்காளிகள் பட்டியலைப் பார்த்தார், மறுபடி தன் பெயரைப் பார்த்தார். ஆறு பேரில் ஒருவருக்கும் அந்த வார்த்தை இல்லை. பையிலிருந்து மஞ்சள் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தார். கையோடு கொண்டுவந்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. பிறகு என் காதிலிருந்த பென்சிலை உருவி, அந்த வரியின் அடியில் ஒரு கோடு போட்டுவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்:

“இதுக்கு எத்தினி ஏக்கரு வேணும், சம்பந்தி?”

அந்த ஒன்பதாவது ழ இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. என் உத்தியோகத்தில் நான் தெரிந்தே தப்பாக எண்ணியது அந்த ஒரு பத்திரிகையில்தான், எல்லார் பெயருக்கும் கீழே பொருத்தமான வார்த்தை நின்றதும் அந்த ஒரு பத்திரிகையில்தான்.